ஜாஸ் பயிலும் நாட்டுப்புறப் பாசறை

ஜாஸ் இசை அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி, நகரத்து இரவு விடுதிகளில் வளர்ந்தது. அங்கே கேட்டுக் கற்க வழியுண்டு. நின்று ஆராய நேரமில்லை. இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து லெனாக்ஸ் என்னும் சிற்றூரில் 1957 முதல் 1960 வரை கோடைதோறும் நடந்த ஜாஸ் பள்ளி. ஜான் லூயிஸ் அதனை இயக்கினார். முன்பே இசைத்தட்டு வெளியிட்டிருந்த ஆர்னெட் கோல்மனும் 1959-இல் அங்கு மாணவராகவே சேர்ந்தார்.

இத்தகைய பாசறையில் ஒருவர் இயற்றிய உருப்படியைக் குழுவினர் உடனே வாசித்துப் பார்ப்பர். ஏட்டில் நின்றது செவியில் நில்லாவிடின், இயற்றியவர் திருத்துவார். உருப்படி ஓர் எல்லை. அதனுள் விரிப்பது வாசிப்பவரின் மனோதர்மம். கீர்த்தனையும் கற்பனைச் சுரமும் போன்ற உறவு இது. குருகுலத்தில் சீடன் ஆசானைக் கேட்பான். இங்கோ ஒருவரையொருவர் கேட்டல் வேண்டும். மலாக்காத் தோட்டக் கோயில் விழாக்களில் உறுமி மேளம் கேட்டோர்க்கு இது எளிதில் விளங்கும்.

கனடாவின் பான்ஃப் மலைநகரில் நடந்த ஜாஸ் பயிலரங்கிற்கு 2013-இல் இயக்குநரானவர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர். 2011-இல் வெளிவந்த அவருடைய ‘தீர்த்தா’ இசைத்தொகுப்பில், கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவும் தபேலா கலைஞர் நிதின் மித்தாவும் இணைந்தனர். புத்திசை காண மரபைத் துறக்க வேண்டும் என்பது பொருந்தாது. பிறர் இசைக்குச் செவிகொடுக்கக் கற்றவர்க்குத் தம் மரபும் முதலாகும்.