பண்ணைப்புரத்துப் பாவலர் குழு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர் பண்ணைப்புரம். பாவலர் வரதராசன் அவ்வூரினர். பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் தாமே பாட்டுக் கட்டிப் பாடியவர். 1958 ஆம் ஆண்டு, மலைக்கு அப்பால் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடைபெற்றது. அங்குத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர். அவர்களிடையே பாவலர் பாடிய பாட்டுகள் கட்சியின் வெற்றிக்குப் பெரிதும் துணைபுரிந்தன என்பர். பின்னர்த் தம்பியர் பாஸ்கர், இராசையா, அமர் ஆகியோரும் ஆர்மோனியத்துடன் ஊர்தோறும் உடன் சென்றனர்.

அக்காலத்து இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். மேடைப் பாட்டோ கூட்டத்தின் விருப்பம் அறிந்து நீளும், குறுகும், சொல்லும் மாறும். அதனைத் தட்டில் அடைப்பது எங்ஙனம்? பாடியவர் நாவும் கேட்டவர் நெஞ்சுமே அதற்கு ஏடு.

இராசையா 1968 இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயிலத் தொடங்கினார். 1973 இல் பாவலர் மறைந்தார். அதன்பின் ஒருநாள், கதையாசிரியர் பஞ்சு அருணாசலத்தின் முன் மேசையையே தாளக் கருவியாகத் தட்டி, முன்னரே தாம் அமைத்திருந்த மெட்டுகளை இராசையா பாடிக் காட்டினாராம். அவற்றுட் சில 1976 இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வாயிலாக இசைத்தட்டில் ஏறின. இளையராஜா என நாடு அவரை அறிந்தது அப்போதுதான். அண்ணனின் குரல் அத்தட்டில் இல்லை. ஆயினும், பிற்காலத்து மேடைகளில் பாவலரின் பாட்டுகளை இளையராஜா நினைவிலிருந்து பாடிக் காட்டியதுண்டு.