கணக்கு இல்லாதவருக்குக் கதவு திறக்குமா?

ஐப்பசி, கார்த்திகையில் விருத்தாசலத்தில் மழை வலுத்துவிட்டால் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரவெல்லாம் ஒரே கேள்விதான்: நாளைக்கு ஸ்கூல் லீவா? அறிவிக்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். அறிவிப்பு தொலைக்காட்சியில் ஓடுவதற்குள் யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் எக்ஸ் அல்லது முகநூல் சுட்டியைத் தட்டிவிடுகிறார். அந்தத் தளத்தில் கணக்கு உள்ளவர் படித்துவிட்டுப் படுக்கப் போகிறார். கணக்கு இல்லாதவரை 'உள்நுழையவும்' என்ற பெட்டி மறிக்கிறது.

பெட்டி மறிப்பதாவது பரவாயில்லை. பாதி திறந்த கதவு அதைவிட ஆபத்தானது. கணக்கு இல்லாமல் எக்ஸ் பக்கத்துக்குள் போனால் பதிவுகள் தேதி வரிசையில் வருவதில்லை. போன வருடத்து விடுமுறை அறிவிப்பு உச்சியில் நிற்கலாம். இன்று மாலை போட்டது கண்ணிலேயே படாமல் போகலாம். பள்ளி விடுமுறையில் இப்படிக் குழம்பினால் ஒரு நாள் அலைச்சலோடு போய்விடும். வெள்ள எச்சரிக்கையில் குழம்பினால்?

விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டத்துக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 பெருவெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் என்று அடுத்தடுத்து அடி வாங்கிய மாவட்டம் இது. ஃபெஞ்சலை அடுத்துச் சாத்தனூர் அணை நள்ளிரவில் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை மூழ்கியபோது, எச்சரிக்கை உரிய நேரத்தில் மக்களிடம் போய்ச் சேர்ந்ததா என்பதே பெரிய சர்ச்சையானது. அரசு சொன்னதா என்பது ஒரு கேள்வி. எல்லோர் காதிலும் விழும் இடத்தில் சொன்னதா என்பது இன்னொரு கேள்வி.

சுவர் எழுந்த கதை

இன்று எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரின் பதிவை ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றிருந்தது. 2023 ஜூன் 30 அன்று கணக்கு இல்லாதவர்களுக்கு அந்தத் தளம் முழுவதுமாகக் கதவைச் சாத்தியது. இது தற்காலிக அவசர ஏற்பாடு என்றார் உரிமையாளர் இலான் மஸ்க். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் தளத்தின் பதிவுகளை மொத்தம் மொத்தமாக அள்ளிச் செல்வதைக் காரணமாகச் சொன்னார். சில நாள்களில் தனித்தனிப் பதிவுகளை மட்டும் பார்க்கும்படி கதவு கொஞ்சம் திறந்தது. பழைய நிலை திரும்பவில்லை. முகநூலும் இன்ஸ்டாகிராமும் கொஞ்சம் கீழே நகர்த்தியதுமே உள்நுழையச் சொல்லி மறிக்கின்றன.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் வயதும் தெரிந்தால்தான் உங்களுக்கேற்ற விளம்பரத்தைக் காட்ட முடியும்; பெயர் தெரியாத பார்வையாளரால் வருமானம் குறைவு. அமெரிக்க நீதிமன்றம் ஒன்றும் தன் பங்குக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. தரவு திரட்டும் பிரைட் டேட்டா என்ற நிறுவனத்தின் மீது, முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தாய் நிறுவனமான மெட்டா தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. உள்நுழையாமலே எவரும் பார்க்கக்கூடிய தகவலைத் திரட்டுவதை மெட்டாவின் விதிமுறைகள் தடுக்கவில்லை என்றது நீதிமன்றம். அப்படியானால் நிறுவனம் தன் சரக்கைக் காக்க ஒரே வழி, கதவைச் சாத்துவதுதான்.

சரி, அந்தச் சுவர் பயனாளரையும் சேர்த்துக் காக்கிறதா? ஓரளவுக்கு. போகிற வருகிறவரெல்லாம் எட்டிப் பார்ப்பது குறையும். கணக்கு வழியாக வந்தவர் தடயம் விட்டுச் செல்வார். ஆனால் தீய எண்ணத்தோடு வருபவருக்குப் போலிக் கணக்கு தொடங்க ஐந்து நிமிடம் போதும். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் அதிகமான முகநூல் பயனாளரின் விவரங்கள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. அவை வெளியிலிருந்து எட்டிப் பார்த்து எடுத்தவை இல்லை. கைபேசி எண்ணைக் கொடுத்து நண்பரைத் தேடும் வசதியின் வழியாக உருவப்பட்டவை. இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆக, சுவரை நம்பி நாம் கண்ணயர முடியாது.

அரசுப் பக்கம்: திறந்தே இருக்க வேண்டும்

தாலுகா அலுவலக வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் படிக்க வருபவரிடம் யாரும் பிறந்த தேதி கேட்பதில்லை. அரசு தன் அறிவிப்பை ஒரு தனியார் தளத்தில் மட்டும் போடும்போது, அதைப் படிக்கும் கட்டணமாகக் குடிமகன் தன் சொந்த விவரங்களை அந்த நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதற்கு இடம் தரவில்லை. யாரும் விண்ணப்பம் போடாமலே தகவல்களை அரசு அலுவலகங்கள் தாமாக முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. வட்டார மொழியில், எளிதில் கிடைக்கும்படி, செலவையும் அந்தப் பகுதிக்கு எது நன்றாகப் போய்ச் சேரும் என்பதையும் பார்த்து வெளியிட வேண்டும் என்று 4(4) உட்பிரிவு சொல்கிறது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் வங்கிச் சரிபார்ப்பில் படும் பாட்டைப் பற்றிய வழக்கு அது. சமூக வலைத்தளத்தைப் பற்றி அது பேசவில்லை. ஆனாலும் இயலாதவரை வெளியே நிறுத்தும் டிஜிட்டல் வாசலை அரசு வைக்கக்கூடாது என்ற அதன் அடிப்படை இங்கும் பொருந்தும்.

ஜெர்மனியில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது. மத்திய அரசின் செய்தித் துறை தன் முகநூல் பக்கத்தை மூட வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையர் உத்தரவிட்டார். பார்க்க வருபவரின் தரவுக்கு அரசும் பொறுப்பு என்பது அவர் வாதம். 2025 ஜூலையில் கொலோன் நிர்வாக நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. பக்கத்தை மூடுவது நமக்கும் தீர்வாகாது. மக்கள் கூடும் இடத்தில் அரசு பேசத்தான் வேண்டும். அங்கே சொல்வதைத் தன் சொந்த இணையதளத்திலும் அதே நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை.

உங்கள் பக்கம்: பூட்டும் சாவியும் உங்களிடம்

தனிமனிதர் பக்கத்துக்கு நியாயம் நேர் எதிரானது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இல் பலர் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. உங்கள் விவரத்தை நீங்களே எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால், அந்தத் தகவலுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. சமூக வலைத்தளத்தில் ஒருவர் பகிரங்கமாகப் போட்ட தகவலையே சட்டம் உதாரணமாகக் காட்டுகிறது. கைபேசி எண்ணையும் பிறந்த நாளையும் பொதுப் பதிவில் போட்டால், பிறகு அதை யாராவது திரட்டினால் இந்தச் சட்டத்தின் துணை உங்களுக்கு இருக்காது.

விலக்கு நீங்களே வெளியிட்ட தகவலுக்கு. சட்டம் கட்டாயப்படுத்தாமல் பிறர் வெளியிட்டதற்கு இல்லை. உங்கள் பிள்ளையின் படத்தைப் பெயர், வகுப்போடு ஆண்டு விழா ஆல்பத்தில் பள்ளி போட்டால், அந்த விலக்கைக் காட்டிப் பள்ளி தப்பிக்க முடியாது. 18 வயதுக்குட்பட்டவர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. கல்வி நிலையங்களின் சில பணிகளுக்கு விதிகளில் தளர்வு உண்டு. விளம்பரத்துக்காகப் படம் போடுவது அதில் அடங்காது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில்தான், நடைமுறைக்கு வரும். அதுவரை பள்ளியிடம் எழுத்தில் மறுப்புத் தெரிவித்து வைப்பது நல்லது.

படம் தவறான கைக்குப் போனால் அதன் விலை என்னவென்று தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஒட்டவைத்த ஆபாசப் படங்கள் முகநூலில் வெளியாயின. குடும்பம் புகார் கொடுத்தும் நடவடிக்கை இழுத்துக்கொண்டே போனது. அந்தப் பெண்ணை நாம் இழந்த பிறகுதான் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் சுயவிவரப் படத்தைத் தரவிறக்க முடியாதபடி காக்கும் வசதியை முகநூல் இந்தியாவில் கொண்டுவந்தது. சுயவிவரத்தையே பூட்டும் வசதி 2020 மே மாதம் வந்தது. இருந்தும் இந்தப் பூட்டைப் போடாதவர்கள் இன்னும் ஏராளம்.

கடைப் பக்கம்: நடுவில் நிற்பது

விருத்தாசலம் பீங்கான் ஊர். கொலு பொம்மையும் அகல் விளக்கும் செய்து விற்பவருக்குத் திறந்த பக்கம்தான் வியாபாரம். அங்கே உறுப்பினரானால்தான் பொம்மையைப் பார்க்கலாம் என்றால் வெளியூர் வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார். திறந்து வைத்தாலோ, அதே படங்களை எடுத்துப் போலிப் பக்கம் தொடங்கி, நவராத்திரி நேரத்தில் 'பாதி விலை' என்று முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவருக்கு வேலை சுலபம்.

இன்ஸ்டாகிராமில் 18 வயது நிரம்பியவர்கள் நடத்தும் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் 2025 ஜூலை முதல் கூகுள் தேடலிலும் வருகின்றன. வியாபாரத்துக்கு நல்லதுதான். அதே கணக்கில் வீட்டுக் குழந்தைகளின் படத்தையும் போட்டிருந்தால் அதுவும் தேடலில் வரும். கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடுங்கள். கடைப் பக்கத்தில் முகவரியும் கடை எண்ணும் இருக்கட்டும். படங்களில் கடைப் பெயரைப் பொறியுங்கள். வாங்குபவர் கடை எண்ணுக்கு ஒரு முறை பேசிவிட்டுப் பணம் அனுப்பட்டும்.

என்ன செய்யலாம்?

உங்கள் பக்கத்தை அந்நியர் கண்ணால் பாருங்கள். உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, உள்நுழையாமல் உங்கள் பெயரைத் தேடுங்கள். தெரிவது எதுவோ அதுதான் உலகத்துக்குத் தெரிவது. முகநூலில் நண்பர் பட்டியலை மறையுங்கள். கைபேசி எண்ணைக் கொண்டு உங்களைத் தேடும் வசதியையும், தேடுபொறிகள் உங்கள் பக்கத்தை இணைக்கும் வசதியையும் அணையுங்கள். வாட்ஸ்அப் படத்தைத் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

அவசரத் தகவலுக்கு வலைத்தளக் கணக்கு தேவையில்லை. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. மின்தடைக்கு மின்னகம் 94987 94987, ரயில் விவரத்துக்கு 139. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' இணையதளத்தில் எச்சரிக்கைகளை எவரும் பார்க்கலாம்.

அரசு அறிவிப்பு கணக்குள்ளவருக்கு மட்டும் எட்டினால் மனு போடுங்கள். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் ஒரு வழி; முதல்வரின் முகவரி, 1100 இன்னொரு வழி. தகவல் அறியும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். 'ஏன்' என்று கேட்டால் பதில் வராது; ஆவணத்தைக் கேளுங்கள். 'அவசர அறிவிப்புகளை எந்தெந்த வழிகளில் வெளியிட வேண்டும் என்ற சுற்றறிக்கையின் நகல்' என்று எழுதலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. அதிலும் தீர்வு இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

உங்கள் படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் முதலில் ஆதாரத்தைச் சேமியுங்கள்: பக்கத்தின் முழு முகவரி, தேதி, திரைப்பிடிப்பு. பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் கொடுங்கள். அந்தரங்கப் படம், உருமாற்றிய படம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றை அதிகபட்சம் 2 மணி நேரத்துக்குள் நீக்கும் கடமை தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளத்துக்கு உண்டு. முடிவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள், 2023இல் அமைக்கப்பட்ட குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம், வக்கீல் வேண்டியதில்லை. கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ புகார் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அந்தத் தளத்தில் பதியலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 உதவி எண்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை.

மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். விற்றவர் உண்மையான வியாபாரி, ஆனால் சரக்கு வரவில்லை அல்லது உடைந்து வந்தது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கை விற்றவர் ஊரில் போட வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே விதி சரிப்படாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அலுவலகத்தின் அறிவிப்பு கணக்கு இல்லாதவருக்கும் தேதி வரிசையில் தெரிய வேண்டும். வீட்டாரின் படம் அவர்கள் அனுமதித்தவருக்கு மட்டும் தெரிய வேண்டும். கடையின் பக்கம் கடைக்காரர் விருப்பம். இன்று இந்த மூன்றையும் தங்கள் லாபத்துக்கேற்ப ஓரிரு அமெரிக்க நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. மூன்றாவதைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம். இரண்டாவது கைபேசி அமைப்பில் பத்து நிமிட வேலை, இன்றே முடித்துவிடலாம். முதலாவதற்கு ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய் வில்லையும் போதும். அடுத்த மழைக்கு முன் அந்த மனு போய்ச் சேரட்டும்.