பாதி நீலம், பாதி மஞ்சள்... ஒரே கல்!

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? அங்குள்ள லேத் பட்டறைகளில் தீப்பொறி பறக்க இரும்பைத் தேய்க்கும் சாணைச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பும் சாம்பலுமாக, பார்க்க அழகே இல்லாத சக்கரம். இரும்பு தேய்க்கும் சக்கரங்களில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. பாக்சைட் தாதுவை மின்உலையில் உருக்கி இதைச் செய்கிறார்கள். இதே அலுமினியம் ஆக்சைடு பூமிக்கு அடியில், சரியான சூட்டிலும் அழுத்தத்திலும் தெளிவான படிகமாக வளர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? நீலக்கல்! ஆமாம், ராஜாக்களின் கிரீடத்தில் ஜொலித்த அதே நீலக்கல்தான்.

இந்தக் கனிமத்துக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்கள். அந்தச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்! கடினத்தை அளக்கும் 'மோஸ்' அளவுகோலில் வைரத்துக்கு 10 மதிப்பெண் என்றால், குருந்தத்துக்கு 9. இரும்பு ஏன் தேய்கிறது என்று இப்போது புரிகிறதா?

சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. தண்ணீர் மாதிரி இருக்கும். நிறம் கொடுப்பதெல்லாம் உள்ளே நுழைந்துவிடும் 'விருந்தாளிகள்'. குரோமியம் நுழைந்தால் சிவப்பு. அதுதான் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் ஜோடியாக நுழைந்தால் நீலம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும்! டைட்டானியம் இல்லாமல் இரும்பு மட்டும் இருந்தால் மஞ்சள் வரலாம். மஞ்சள் கல்லை நம் ஊர் நகைக்கடைகளில் கனகபுஷ்பராகம் என்பார்கள். ஆக, நவரத்தினங்கள் ஒன்பதில் மாணிக்கம், நீலம், கனகபுஷ்பராகம் மூன்றும் ஒரே கனிமம். வேதியியல் வளர்ந்த பிறகுதான் இதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அப்படியானால், ஒரே கல்லின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் இருக்க முடியுமா?

முடியும்! அதுதான் இருநிற நீலக்கல். இலங்கையில் கொழும்பிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இரத்தினபுரி என்ற ஊர் இருக்கிறது. பெயரே சொல்லிவிடுகிறதே! அங்கே வயல்களிலும் ஆற்றங்கரைகளிலும் குழி தோண்டி, சரளை மண்ணைக் கூடையில் அள்ளி, தண்ணீரில் அலசிக் கற்களைத் தேடுகிறார்கள். 2021-ம் ஆண்டு ஒரு வீட்டில் கிணறு தோண்டியபோது 510 கிலோ எடையுள்ள நீலக்கல் கொத்து கிடைத்தது. (510 கிலோவும் மோதிரக்கல் ஆகிவிடாது. நகைக்குத் தகுந்த தெளிவு கொஞ்சத்துக்குத்தான் இருக்கும்.) இந்தச் சரளையில் எப்போதாவது இருநிறக் கல்லும் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நீலம், பச்சை, மஞ்சள் கலந்த கற்கள் கிடைக்கின்றன. அங்கே இவற்றுக்கு 'பார்ட்டி சபையர்' என்று பெயர். பிறந்தநாள் பார்ட்டி இல்லை. 'பிரிவுபட்டது' என்று பொருள். அந்தப் பகுதியில் சபையர், ரூபிவேல் என்று ஊர்களுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்!

இரண்டு நிறம் எப்படி வந்தது? படிகம் ஒரே நாளில் வளர்வதில்லை. அடுக்கு மேல் அடுக்காக, மிக மெதுவாக வளர்கிறது. இலங்கைக் கற்கள் பிறந்து சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வளரும்போது சுற்றிலும் டைட்டானியம் இருந்தால் அந்த அடுக்கு நீலமாகும். பிறகு டைட்டானியம் தீர்ந்துபோனால் அடுத்த அடுக்கு வேறு நிறமாகும். குருந்தப் படிகம் ஆறு பக்க வடிவத்தில் வளர்வதால், நிறப் பட்டைகளும் நேர்கோடாக அல்லது அறுகோணத்தின் மூலைபோல மடங்கி இருக்கும்.

சரி, கல் கிடைத்துவிட்டது. இனிமேல்தான் ஆபத்தே!

பட்டை தீட்டுபவரின் கையில் கல் போகிறது. தீட்டும்போது பாதிக்கு மேல் தூளாகப் போவது சாதாரணம். போனது போனதுதான், ஒட்ட வைக்க முடியாது. எனவே வெட்டுவதற்கு முன்னால் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். இலங்கைத் தொழிலாளர்களின் ஒரு கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். வெள்ளைக் கல்லில் ஓரமாகக் கொஞ்சம் நீலம் இருந்தால், அந்த நீலம் கல்லின் அடி நுனியில் வரும்படி தீட்டிவிடுவார்கள். மேலே நுழையும் ஒளி அடியில் பட்டுத் திரும்பும்போது நீலத்தை அள்ளிக்கொண்டு வரும். மேலிருந்து பார்த்தால் முழுக் கல்லும் நீலம்! பக்கவாட்டில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இருநிறக் கல்லில் இந்த வித்தை பலிக்காது. ஏன் என்று நீங்களே செய்து பாருங்கள். நீலக் கண்ணாடித்தாள் ஒன்று, மஞ்சள் கண்ணாடித்தாள் ஒன்று எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். நீலம் நீலமாக, மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். இப்போது ஒன்றின் மேல் ஒன்றை வையுங்கள். பச்சை! கல்லிலும் இதேதான். நீலம் கீழே, மஞ்சள் மேலே என்று தீட்டினால், இரண்டு நிறமும் காணாமல் போய் மங்கலான பச்சைக்கல் ஒன்று கையில் நிற்கும். நிறங்கள் பிரியும் கோடு கல்லின் நடுவே சுவர் மாதிரி செங்குத்தாக நிற்க வேண்டும்.

வட்டமாகத் தீட்டினாலும் சிக்கல்தான். ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வரும், நிறங்கள் கலந்துவிடும். அதனால் இருநிறக் கற்களைப் பெரும்பாலும் நீளவாக்கில், செவ்வகமாக, படிக்கட்டு போன்ற பட்டைகளுடன் தீட்டுகிறார்கள்.

அடுத்து, நகையில் பதிக்கும் ஆசாரியின் வேலை. பரதநாட்டியத்துக்குப் போடும் நெற்றிச்சுட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கற்களின் அடிப்பக்கம் மூடியிருக்கும். உள்ளே பளபளக்கும் தகடு வைத்து ஒளியைத் திருப்பி அனுப்பும் பழைய முறை அது. ஒரே நிறக் கல்லுக்கு அது அழகு. இருநிறக் கல்லை அப்படி மூடினால் தகட்டின் நிறமும் சேர்ந்துகொண்டு குழப்பும். இதற்கு அடி திறந்த அமைப்புதான் நல்லது. நான்கு மூலையிலும் நகம் போன்ற நான்கு கம்பிகள் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு கம்பிகூட நடுக்கோட்டை மறைக்கக் கூடாது. மஞ்சள் தங்கத்தில் பதித்தால் நீலப் பாதியில் லேசாகப் பச்சை தட்டலாம். வெள்ளைத் தங்கமோ பிளாட்டினமோ இரண்டு நிறத்துக்கும் ஒத்துப்போகும் என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம். தங்கத்தைப் பற்றவைக்க ஆசாரிகள் வெங்காரம் போடுவார்கள். இரும்பையே தேய்க்கும் இந்தக் கல்லை, சூடான வெங்காரம் அரித்துவிடும்! அதனால் பற்றவைக்கும் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் கல்லை உட்கார வைப்பார்கள்.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ அம்மாவோடு நகைக்கடைக்குப் போகும்போது "இது இயற்கைக் கல்" என்று சொன்னால், "சூடு காட்டாததா?" என்றும் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. மண்ணிலிருந்து எடுத்த கல்லை உலையில் வைத்து 1,600 டிகிரிக்கு மேல் சுட்டு நிறம் ஏற்றுவது உண்டு. இலங்கையில் ஒரு காலத்தில் மதிப்பே இல்லாமல் இருந்த 'கெவுடா' என்ற பால்நிறக் கற்களை, 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிப் போய் இப்படித்தான் நீலமாக்கினார்கள். சுட்டதும் இயற்கைக் கல்தான், ஆனால் நிறம் உலை கொடுத்தது. சுடாத கல்லுக்கு விலை அதிகம் என்பதால், பரிசோதனைக்கூடச் சான்றிதழில் இதைத் தனியாக எழுதுவார்கள்.

இரண்டு துண்டுகளை ஒட்டி 'இருநிறக் கல்' என்று ஏமாற்றுபவர்களும் உண்டு. கல்லை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, பின்னால் வெள்ளைத்தாள் பிடித்து, லென்ஸ் வழியாகப் பக்கவாட்டில் பாருங்கள். ஒட்டிய இடத்தில் தட்டையான காற்றுக் குமிழ்கள் வரிசையாகத் தெரிந்தால் சந்தேகம்தான். நிறப் பட்டைகள் வளைந்து வளைந்து, பழைய இசைத்தட்டின் கோடுகள் மாதிரி இருந்தால், அது உலையில் பிறந்த செயற்கைக் கல். நேர்கோடாக இருந்து மூலையில் மடங்கினால், அது மண்ணில் வளர்ந்த கல்லாக இருக்கும். அப்புறம் பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுத்து உறுதி செய்துகொள்ளலாம்.