முதல் அழியாத மேய்ச்சல்

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களிலுள்ள சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், சாலையின் இருமருங்கிலும் கிளுவை வேலி சூழ்ந்த புல்வெளிகளை நாம் காண்கிறோம். ஏரும் இறைவையும் இன்றிக் கிடக்கும் இவற்றை அயலூரார் தரிசு எனக் கருதுவர். ஆனால் இவை தரிசல்ல. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் மேய்ச்சல் நிலங்களாகும். கொங்கு நாட்டார் இவற்றைக் கொறங்காடு என்பர்.

இவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். இத்தகைய வானத்தை நம்பி ஆண்டுதோறும் வெள்ளாமை செய்வது சூதாட்டமே. ஆகவே முன்னோர் புல்லை நம்பினர்.

கொறங்காட்டின் உறுப்புகள் மூன்று. முதலாவது கொழுக்கட்டைப்புல். வறட்சியில் மேற்புறம் காய்ந்தாலும் வேர் உயிரோடிருந்து, ஒரு மழைக்குத் துளிர்க்கும். இரண்டாவது வெள்வேல் மரம். அதன் நிழல் புல்லைக் கெடுப்பதில்லை. கோடையில் உதிரும் காய் ஆடுகளுக்குத் தீனி. வேரோ மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கிறது. மூன்றாவது முட்கிளுவை வேலி. வேலி இருப்பதால் மாடுகளுக்கு இரவும் பகலும் மேய்ப்பவன் வேண்டுவதில்லை.

இம்முறையின் உயிர்நாடி ஓய்வில் இருக்கிறது. மழை பெய்ததும் காட்டை அடைத்துப் புல் தழைக்கவும் விதை உதிரவும் விடுகின்றனர். பிறகு ஒரு காட்டில் மேய்த்து, புல் அடிக்கட்டையாகுமுன் கால்நடைகளை அடுத்த காட்டுக்கு மாற்றுகின்றனர். இலை எஞ்சியிருந்தால்தான் வேருக்கு உணவு கிட்டும். வேர் நிலைத்தால்தான் மண் மழைநீரை உள்வாங்கும். சாணமும் நீரும் விழுந்த இடத்திலேயே எருவாகின்றன. நம் சங்கக் கணக்கின் மொழியில் கூறின், வேர் சேமநிதி. இலை ஆண்டு இலாபம். இலாபத்தைப் பகிர்ந்துண்ணலாம், சேமநிதியில் கைவைக்கலாகாது.

காங்கயம் மாட்டினம் இந்நிலத்தில் வளர்ந்ததே. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பொலிகாளைகளைத் தேர்ந்து பேணி இவ்வினத்தின் புகழை உயர்த்தினார். எனினும் கவலை இறைத்த எருதின் வேலையை மின்மோட்டாரும், ஏரிழுத்த எருதின் வேலையை டிராக்டரும் ஏற்றுக்கொண்டன. காங்கயம் பசு கறக்கும் பாலோ குறைவு. கன்றை விற்றுப் பெறும் பணமே குடும்பத்தின் வரவு.

இதனால் இன்று பாகப்பிரிவினை நேரும்போதெல்லாம் கொறங்காடு தராசில் ஏறுகிறது. மனையாக விற்றால் ஒரே நாளில் பெருந்தொகை. சூரிய மின் நிலையத்துக்குக் குத்தகை விட்டால் ஆண்டுதோறும் பணம். மகளுக்குக் கலியாணமும் மகனுக்குப் படிப்பும் காத்திருக்கையில், நிலத்தை விற்பவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் ஒன்றை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தறியை விற்ற நெசவாளிக்குக் கைத்தொழில் அறிவேனும் மிஞ்சும். கிளுவையைப் பிடுங்கி, புல்வேரைப் புரட்டி, மேல்மண்ணை மழைக்குக் கொடுத்துவிட்டால், அந்தக் காட்டை மீண்டும் உண்டாக்க எத்தனையோ ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மாதத் தவணையாகவன்றி, கன்று விற்கும் பருவத்தில் திருப்பும்படி மாட்டுக் கடன் வழங்கலாம். சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையை ஒட்டித் தவணையை அமைத்தல் பொருந்தும். அங்கத்தினர் கூடிக் கொழுக்கட்டைப்புல் விதை சேர்த்து, தேய்ந்த காடுகளுக்கு வழங்கலாம். இடிந்த வேலியை முறைவைத்துச் செப்பனிடலாம். பிரிந்த சகோதரர்கள் பங்கை எழுத்தில் பிரித்துக்கொண்டு, மேய்ச்சலை மட்டும் பொதுவில் வைக்கவும் வழி சொல்லலாம். சிறு துண்டுகளாகச் சிதறிய காட்டில் மாற்றி மேய்க்க இடமிராது. ஓய்வின்றி மேய்ந்த புல் மீளாது.

வரும் ஐப்பசி மழைக்குள் ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையிலுள்ள கொறங்காடுகளைக் கணக்கெடுத்து, வேலியின் நிலையையும் புல்லின் நிலையையும் நிர்வாகக் குழுவின் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.