மடங்கும் கைபேசியும் மாதத் தவணையும்

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். மகன் சென்னையில் வேலையில் அமர்ந்து இன்னும் ஓராண்டு நிறைவுறவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். "சாமி, நீங்களே இவனுக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று தாய் பேச்சைத் தொடங்கினார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு இதுதான். புத்தகத்தைப் போல விரிந்து மடங்கும் கைபேசி ஒன்றை வாங்க மகன் விரும்புகிறார். அதன் விலை ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய். தாய் கட்டிவரும் சீட்டு அடுத்த மாதம் முடிவடைகிறது. அதில் வரும் எழுபதாயிரத்தை முதலில் கொடுத்துவிட்டு, எஞ்சியதை இருபத்து நான்கு மாதத் தவணையில் தாமே செலுத்திவிடலாம் என்பது அவருடைய கணக்கு. சீட்டோ, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் தங்கையின் கட்டணத்திற்கென்று கட்டப்பட்டது. "அதை நான் ஆறு மாதத்தில் திருப்பித் தந்துவிடுவேன்" என்று மகன் கூறினார். அவர் பொய் கூறுபவர் அல்லர் என்பதை நாம் அறிவோம்.

"ஆடம்பரம் வேண்டாம், தம்பி" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறி அனுப்பிவிடுவது எளிது. குருக்களாகிய நாம் அவ்வாறு கூறிப் பழகியும் இருக்கிறோம். ஆயினும் ஒரு பொருளைப் பற்றி ஒன்றும் அறியாமல் அதனைப் பழிப்பது நேர்மையாகாது. ஆகவே இரு வாரம் பொறுத்திருக்குமாறு அவ்விருவரையும் கேட்டுக்கொண்டோம். அதற்குள் படித்தும், விவரம் அறிந்தவர்களிடம் வினவியும், நகரத்துக் கடையொன்றில் அப்பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இதே வழக்கு வேறு பல இல்லங்களிலும் நடந்துகொண்டிருக்கக் கூடும் அன்றோ?

மடங்குவது கைபேசிக்குப் புதிதன்று. 2004ஆம் ஆண்டில் மோட்டோரோலா நிறுவனம் வெளியிட்ட ரேசர் என்னும் மெல்லிய கைபேசியை வாசகர்களுள் சிலர் நினைவில் வைத்திருப்பர். பேச்சு முடிந்ததும் அதனை 'டப்' என்று மூடுவதில் ஒரு மிடுக்கு இருந்தது. ஆனால் அதில் மேற்பாதியில் திரையும் கீழ்ப்பாதியில் எண் பொத்தான்களும் இருந்தன. இடையே, கதவுக்கு இருப்பது போன்ற ஒரு கீல். திரை மடங்கவில்லை. இப்போது நாம் பேசும் கைபேசியிலோ திரையே மடங்குகிறது. அதன் விந்தை, விலை, நோய் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

கண்ணாடியை வளைத்தால் உடையும் என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. சாதாரணக் கைபேசியின் திரைக்கு மேல் கடினமாக்கப்பட்ட கண்ணாடி இருக்கிறது. மடங்கும் திரையில் அதற்கு இடமில்லை. ஓ.எல்.இ.டி. எனப்படும் திரையில் ஒவ்வொரு புள்ளியும் மின்சாரம் பாய்ந்ததும் தானே ஒளிரும். பின்னால் தனி விளக்கு தேவையில்லை. ஆகவே அதனை வளையக்கூடிய மெல்லிய ஏட்டின்மீது அமைக்க முடிகிறது. அதன்மேல் மூடியாக எதை வைப்பது? தொடக்கத்தில் பிளாஸ்டிக் ஏட்டையே வைத்தனர். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாம்சங் நிறுவனம் வெளியிட்ட 'இசட் ஃபிளிப்' என்னும் கைபேசியில், 30 மைக்ரான் கனமுள்ள கண்ணாடி பயன்படுத்தப்பட்டது. 30 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. தலைமயிரின் கனம்கூட இல்லாத அக்கண்ணாடி, அத்துணை மெலிந்திருப்பதாலேயே வளைகிறது. அதற்கு மேல் மீண்டும் ஒரு பிளாஸ்டிக் ஏடு ஒட்டப்பட்டுள்ளது. ஆக, இலட்சத்திற்கு மேல் கொடுத்து வாங்குபவரின் விரல் தொடுவது பிளாஸ்டிக்கைத்தான். நகத்தால் அழுத்தினால் தடம் பதியக்கூடிய மென்மை அதற்கு உண்டு.

இவ்வகைக் கைபேசி முதன்முதலாகப் பெருவாரியாக வெளிவர இருந்தபோது நிகழ்ந்ததைக் கூறாமல் விட இயலாது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாம்சங் நிறுவனம் 'கேலக்ஸி ஃபோல்ட்' என்பதை உலகுக்கு அறிவித்தது. அமெரிக்காவில் அதன் விலை 1,980 டாலர். விற்பனைக்கு முன் ஏப்ரலில் பத்திரிகையாளர் சிலருக்கு அது சோதித்துப் பார்க்கத் தரப்பட்டது. சில நாள்களுக்குள் பலருடைய திரைகள் பழுதாயின. மேலே இருந்த ஏட்டை, புதுக் கைபேசியின்மீது ஒட்டி வரும் காகிதம் போன்றதென்று எண்ணி இருவர் உரித்துவிட்டனர். அது திரையின் ஒரு பகுதி! வேறொருவரின் கைபேசியில் கீலின் இடுக்கு வழியே ஏதோ துகள் நுழைந்து திரையை உள்ளிருந்து புடைக்கச் செய்தது. நிறுவனம் விற்பனையைத் தள்ளிவைத்து, இடுக்குகளை அடைத்து, ஏட்டின் விளிம்பைச் சட்டத்திற்குள் மறைத்து, செப்டம்பரில்தான் வெளியிட்டது. அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை ரூ.1,64,999.

அதன் பின்னர் நல்ல முன்னேற்றம் ஏற்பட்டிருப்பதை மறைப்பது முறையன்று. முதலில் வந்தது கால் கிலோவுக்கும் மேல் கனத்தது. மடித்தால் 17 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தது. அதே வரிசையில் 2025ஆம் ஆண்டு ஜூலையில் வந்த ஏழாவது கைபேசி 215 கிராம் எடையும், மடித்த நிலையில் 8.9 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. சட்டைப்பையில் வைத்தால் உறுத்தவில்லை. கீலின் உறுதியும் கூடியுள்ளது. முதலாவதை இரண்டு இலட்சம் முறை மடித்துச் சோதித்ததாகக் கூறினர். ஏழாவதற்கு ஐந்து இலட்சம் முறை என்கின்றனர். நாளொன்றுக்கு நூறு முறை திறந்து மூடினாலும் இரண்டு இலட்சம் என்பது ஐந்தரை ஆண்டுக்கு வரும். கணக்கில் குறையில்லை. ஆனால் சோதனைச் சாலையில் மடிக்கும் எந்திரத்தின் சட்டைப்பையில் மணல் இருப்பதில்லை.

நம் கடற்கரைப் பங்குகளில் வாழ்வோர் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். கைபேசி விளம்பரங்களில் 'ஐ.பி.' என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு எண்கள் காணப்படும். முதல் எண் தூசியைத் தடுக்கும் ஆற்றலையும், இரண்டாம் எண் நீரைத் தடுக்கும் ஆற்றலையும் குறிக்கும். உயர்ந்த விலையுள்ள சாதாரணக் கைபேசிகள் பலவற்றில் அது 68 என்றிருக்கும். ஆறு என்றால் தூசி அறவே புகாது. மேற்கூறிய ஏழாவது மடக்குக் கைபேசியிலோ அது 48. நீருக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நான்கு என்பது ஒரு மில்லிமீட்டரினும் பெரிய பொருள்களை மட்டும் தடுப்பதாகும். நம் தேரி மணலில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய மணிகள் எத்தனை கோடி! 2025இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட பிக்சல் 10 புரோ ஃபோல்ட் இக்குறையை நீக்கி 68 என்ற மதிப்பைப் பெற்றுள்ளது. மற்றவையும் பின்தொடரும் என்றே தோன்றுகிறது.

இனி, கடையில் நாம் கண்டது. அன்று மூக்குக் கண்ணாடியை மறந்து சென்றிருந்தோம். விற்பனையாளர் விரித்துத் தந்த எட்டு அங்குலத் திரையில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. ஒருபுறம் கடிதமும் மறுபுறம் கணக்கும் வைத்துப் படிக்க முடிந்தது. நடுவே உள்ள மடிப்புக் கோடு விரலுக்குத் தட்டுப்பட்டது. நேரே பார்க்கையில் கண்ணை உறுத்தவில்லை. ஐந்து நிமிடம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவ்விளைஞரை அன்றுதான் நாம் சரியாகப் புரிந்துகொண்டோம் போலும்.

பின்னர் ஒரு திரைப்படத்தை ஓடவிடச் சொன்னோம். விரிந்த திரை ஏறக்குறையச் சதுரம், படமோ அகலமானது. ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. இரு மடங்கு திரை இரு மடங்கு படத்தைத் தரவில்லை. படம் பார்ப்பதற்காகவே பெரிய திரை வேண்டுமெனில், இருபது முப்பதாயிரத்தில் விற்கும் 'டேப்லெட்' என்னும் பலகைக் கணினி இதனினும் பெரிய திரையைத் தரும். அதனைப் பையில் மடித்து வைக்க இயலாது, அவ்வளவே.

அதே நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட மடங்காத உயர்தரக் கைபேசி எஸ்25 அல்ட்ரா. 2025இல் வெளியானபோது இந்தியாவில் அதன் தொடக்க விலை ரூ.1,29,999 ஆகவும், மடங்குவதன் விலை ரூ.1,74,999 ஆகவும் இருந்தன. நாற்பத்தையாயிரம் மலிவாக உள்ளதில் மின்கலத்தின் கொள்ளளவு 5,000 மில்லி ஆம்பியர்-மணி. விலை மிகுந்ததில் 4,400. தூசியைத் தடுப்பதிலும் மலிவானதே மேல். நாற்பத்தையாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து மின்கலத்திலும் உறுதியிலும் குறைந்ததை வாங்குகிறோம். திரையின் அகலம் ஒன்றே இலாபம். எளிதில் பழுதாகும் உறுப்பும் அத்திரையே. உத்தரவாதக் காலம் கடந்தபின் உள்திரை பழுதானால், அதனை மாற்றும் செலவில் ஒரு நல்ல சாதாரணக் கைபேசியே வாங்கிவிடலாம் என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் நம்மிடம் கூறினார்.

நெட்டையான கைபேசியை இரண்டாக மடித்துச் சிறு பெட்டிபோல் ஆக்கும் மற்றொரு வகையும் உண்டு. 2023இல் வந்த மோட்டோரோலா ரேசர் 40 ரூ.59,999க்கு வெளியாயிற்று. அதில் திரை பெரிதாவதில்லை. பை காலியாக இருக்கும். அதற்குமேல் அதைப் பற்றிக் கூற ஒன்றுமில்லை.

தவணையைப் பற்றியும் விளக்க வேண்டும். 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகை கடைதோறும் தொங்குகிறது. கடனட்டையின் பேரில் இத்தவணை அளிக்கப்படும்போது வங்கி வட்டியை விட்டுக்கொடுப்பதில்லை. அவ்வட்டித் தொகையை விலையிலிருந்து தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகின்றனர். முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு அத்தள்ளுபடி கிடைத்திருக்கக் கூடும். மேலும் வட்டியின்மீது நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சரக்கு சேவை வரியும், பல வங்கிகளில் ஒரு நடைமுறைக் கட்டணமும் உண்டு. கைபேசிக்கே 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பதினெட்டு வீத வரி. ரூ.1,74,999 விலையில் ஏறத்தாழ ரூ.26,700 வரியே. அவ்விளைஞரின் திட்டப்படி முன்பணம் போக எஞ்சும் ரூ.1,05,000க்கு மாதம் ரூ.4,375 வீதம் இரண்டாண்டு கட்ட வேண்டும். அதே வேளையில் தங்கையின் எழுபதாயிரத்தை ஆறு மாதத்தில் திருப்ப மாதம் ரூ.11,667 வேண்டும். சென்னையில் அறை வாடகையும் உணவும் வேறு. தாளில் எழுதிப் பார்த்தபோது, முதல் ஆறு மாதமும் அவர் மாதம் பதினாறாயிரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. அவருடைய ஊதியத்தில் அது நடவாத காரியம். கட்டணம் கட்டும் நாள் வரும்போது கைபேசி நிறுவனம் காத்திருக்காது; காத்திருக்கச் சொல்லப்படுபவள் தங்கையாகவே இருப்பாள்.

இன்னொன்று. இப்பொருள்கள் விலையில் விரைந்து இறங்குகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை வாக்கில் புதியது வருகிறது. பழையது பல ஆயிரம் ரூபாய் குறைந்த விலைக்குக் கடைகளில் கிடைக்கிறது. ஒருவர் பயன்படுத்தியதாயின் அதனினும் குறைவு. உலகெங்கும் விற்கும் கைபேசிகளில் மடங்குபவை நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான் இருக்கின்றன. 2018ஆம் ஆண்டில் எவருக்கும் முன்பாக மடங்கும் கைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்த சீன நிறுவனமாகிய ரொயோல், 2024இல் நொடித்துப்போயிற்று. அந்நிறுவனத்தின் கைபேசியை வாங்கியவர் இன்று உதிரி உறுப்புக்கு எங்கே செல்வார்?

ஆகவே நாம் அக்குடும்பத்திற்குக் கூறியது இது. பயணத்திலேயே வரைபடங்களையும் கணக்குகளையும் பார்த்தாக வேண்டிய தொழிலில் இருப்பவர், முழு விலையும் கையில் இருந்து, உள்திரை ஒருமுறை பழுதானாலும் கலங்காத நிலையில் உள்ளவராயின், தாராளமாக வாங்கட்டும். அது ஏமாற்றுப் பொருள் அன்று. சேதக் காப்புத் திட்டத்தையும் சேர்த்து வாங்கட்டும். மேலுள்ள ஏட்டைத் தாமாக உரிக்காமல், கடற்கரையில் விரிக்காமல் இருக்கட்டும். மற்றவர்களுக்கு, அதிலும் பிறர் பொருட்டுச் சேர்த்த பணத்தை எடுத்து வாங்க நினைப்பவர்களுக்கு, இது தகாது.

இளைஞர் நம் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி, அடுத்த ஜூலையில் இதே கைபேசி எவ்வளவுக்கு வரும்?" என்று கேட்டார். அப்போது கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றோம். அதுவரை பழைய கைபேசிக்கு மின்கலம் மட்டும் மாற்றிக்கொள்வதாகக் கூறி எழுந்தார். சென்ற ஞாயிறு தாய் நம்மைக் கோயில் வாசலில் சந்தித்தார். தங்கையின் கட்டணம் கட்டியாயிற்று. புது மின்கலம் மாலைவரை நிற்கிறதாம். "ஆனால் இப்போதே ஜூலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான், சாமி" என்று சிரித்துவிட்டுச் சென்றார்.