பழுது பார்க்கும் படை

புகைப்பவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. காரணம் ஓர் என்சைமின் சுறுசுறுப்பாக இருக்கலாம் என்கிறது ஆராய்ச்சி. ஆனால் அது புகைப்பதற்கான லைசென்ஸ் அல்ல.

“எங்க தாத்தா எண்பத்தெட்டு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சார். ஒரு இருமல்கூட வந்ததில்லை.” சிகரெட்டை விடச் சொல்லும் மனைவிக்கோ மகளுக்கோ கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். தாத்தா மாறலாம், வாதம் மாறுவதில்லை.

சங்கடம் என்னவென்றால், தாத்தா பொய் அல்ல. நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான். ஆனாலும் அதிகம் புகைப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவரையே அது தாக்குகிறது. மற்ற ஒன்பது பேரைக் காப்பாற்றுவது எது?

விடை தேட, செல்லுக்குள் போக வேண்டும். அங்கே டி.என்.ஏ.வுக்கு நாள்தோறும் பல்லாயிரம் சேதங்கள் ஏற்படுகின்றன. மூச்சு விடுவதும் உணவு எரிவதும்கூடச் சேதம் விளைவிப்பவைதான். சுமார் 70 புற்றுநோய்க் காரணிகளைச் சுமந்து வரும் புகை, இந்தச் சேதத்தைப் பல மடங்காக்குகிறது. இதைச் சரிசெய்ய என்சைம்களின் படை ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சான்ஜார் ஆகிய மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் படையில் ஒரு வீரர் ஓ.ஜி.ஜி.1. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துக்களில் ஒன்றான குவானின், ஆக்சிஜன் தாக்கிக் கெட்டுப்போனால், அதைக் கண்டுபிடித்து வெட்டி எறிவது இதன் வேலை. வெட்டப்பட்ட இடத்தை மற்ற என்சைம்கள் நிரப்பிவிடும். வெட்டாமல் விட்டால், செல் பிரியும்போது அந்த இடத்தில் தவறான எழுத்து பிரதியாகலாம். இத்தகைய பிழைகள் முக்கியமான ஜீன்களில் சேரச் சேர, செல் கட்டுப்பாடு இழக்கிறது. அதுதான் புற்றுநோயின் தொடக்கம்.

இஸ்ரேலின் வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தில் ஸ்வி லிவ்னே, தமார் பாஸ்-எலிசூர் குழுவினர் இந்த என்சைமின் வேகத்தை ரத்தத்திலேயே அளக்க ஒரு சோதனையை உருவாக்கினர். வெள்ளை அணுக்களிலிருந்து எடுத்த சாறில், ஒரே ஓர் எழுத்து கெட்டுப்போன டி.என்.ஏ. துண்டைப் போட்டு, எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று பார்த்தார்கள். 68 நோயாளிகள், 68 ஆரோக்கியமானவர்கள். 2003இல் வெளியான முடிவு: நோயாளிகளில் 40 சதவீதம் பேரிடம் என்சைம் மந்தமாக இருந்தது, பொதுவான மக்களிடம் இது 4 சதவீதமே. மந்தமான என்சைம் உள்ள புகைப்பவருக்கு, என்சைம் சரியாக உள்ள புகைப்பவரைவிட ஆபத்து 5 முதல் 10 மடங்கு. புகைக்காத, என்சைமும் சரியாக உள்ளவரோடு ஒப்பிட்டால் சுமார் 120 மடங்கு.

ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் 136 பேர்தான். 60 சதவீத நோயாளிகளிடம் இந்த என்சைம் மந்தமாக இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. கதை ஓர் என்சைமோடு முடியவும் இல்லை. 2012இல் அதே குழு எம்.பி.ஜி. என்ற இன்னொன்றை ஆராய்ந்தபோது, நோயாளிகளிடம் அது அதிகமாக இருந்தது. குறைவு மட்டுமல்ல, சமநிலை கெடுவதும் ஆபத்து என்பதற்கு இது அடையாளம். 2014இல் மூன்று என்சைம்களைச் சேர்த்து மதிப்பெண் போடும் முறையை அவர்கள் முன்வைத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். மதிப்பெண் குறைவு என்று தெரிந்தால் ஒருவர் பயந்து சிகரெட்டை விடலாம். நல்ல மதிப்பெண் வாங்கியவர்? நிம்மதியாக அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பார். ஓ.ஜி.ஜி.1 நுரையீரல் புற்றுநோயிலிருந்து ஓரளவு காப்பாற்றலாம். அடைபடும் இதயக் குழாய்களையோ, மூச்சு வாங்க வைக்கும் நுரையீரல் அடைப்பையோ, பக்கவாதத்தையோ அது தடுக்கப் போவதில்லை. புகைப்பவர்களைக் கொல்வது புற்றுநோய் மட்டுமல்ல.

2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைக்கும் பெரியவர்கள் சுமார் 10 கோடி. சிகரெட்டைவிட பீடி பிடிப்பவர்களே அதிகம். இவர்களுக்கு என்சைம் சோதனையைவிட மலிவான வழி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் டாக்டர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ரிச்சர்ட் டால் குழு 2004இல் வெளியிட்ட கணக்கு அது: 60 வயதில் விட்டால் சுமார் 3 ஆண்டு ஆயுள் மிச்சம்; 50இல் 6, 40இல் 9, 30இல் 10.

தாத்தா யாரிடமும் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கவில்லை. தன்னிடம் நல்ல படை இருக்கிறது என்று தெரிந்து அவர் சுருட்டைப் பற்றவைக்கவும் இல்லை. அவருக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். சொத்து போல அது பேரனுக்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.