நாரில் ஓடும் மின்சாரம்

சென்னையின் தென்பகுதியில் உள்ள வேளச்சேரிக்கு அருகே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்தின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் உள்ளது. வலசைப் பறவைகள் வந்திறங்கும் நீர்நிலையை ஒட்டியே நகரம் தன் கழிவுகளைப் பல்லாண்டுகளாகக் கொட்டி வந்தது. கைப்பேசியும் கணினியும் பெருகிவிட்ட இக்காலத்தில், நாளை தூக்கியெறியப்படும் கருவியை இன்று எப்பொருளால் செய்வது என்பது முதன்மையான வினாவாகிறது. அதற்கு அறிவியலார் தேடும் விடைகளுள் ஒன்று, நொதியின் துணையோடு செல்லுலோஸ் நாரை மின்கடத்தும் பொருளாக மாற்றுவதாகும்.

நாரும் நொதியும்

பிரெஞ்சு வேதியியலார் ஆன்செல்ம் பாயன், 1833இல் பெர்சோ என்பவருடன் இணைந்து டயஸ்டேஸ் என்னும் நொதியைப் பிரித்தெடுத்தார். 1838இல் தாவரச் செல்சுவரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸையும் அவரே கண்டறிந்தார். குளுக்கோஸ் அலகுகள் நீண்ட சங்கிலியாகப் பிணைந்த பலபடியே செல்லுலோஸ். பருத்தியிலும் மரத்திலும் கரும்புச் சக்கையிலும் அது மிகுந்துள்ளது. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. ஆயினும் செல்லுலோஸ் மின்சாரத்தைக் கடத்தாது. மின்மாற்றிகளில் காகிதம் மின்காப்புப் பொருளாகப் பயன்படுவதே இதற்குச் சான்று.

மின்கடத்தும் பலபடி

பலபடிகள் மின்சாரத்தைக் கடத்தா என்ற கருத்தை 1977இல் ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் ஆகியோரின் ஆய்வு மாற்றியது. அதற்காக அவர்கள் 2000ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இவ்வகைப் பலபடிகளின் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைகின்றன. அவற்றிலிருந்து சில எலக்ட்ரான்களை நீக்கினால் மின்னூட்டம் சங்கிலி வழியே நகரும். இவற்றுள் ஒன்றான பாலிஅனிலீன், மின்கடத்தும் நிலையில் பச்சை நிறமுடையது. அது எளிதில் நொறுங்குவதால் அதனைத் தாங்க வலிமையான நார் தேவைப்படுகிறது.

நொதி ஆற்றும் பணி

வழக்கமான முறையில் வலிமிகு அமிலத்தில் அம்மோனியம் பெர்சல்பேட்டைச் சேர்த்து அனிலீனைப் பலபடியாக்குவர். முடிவில் அம்மோனியம் சல்பேட் கழிவாக எஞ்சும். நொதி முறையில், எதிர்மின் தொகுதிகளைக் கொண்ட செல்லுலோஸ் நார் மென்மையான அமிலத்தன்மையுள்ள நீரில் இடப்படுகிறது. நேர்மின்னூட்டம் பெற்ற அனிலீன் மூலக்கூறுகள் அந்நாரை நாடிப் படிகின்றன. பின்னர்ப் பெராக்சிடேஸ் நொதியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கப்படுகின்றன. நொதி அனிலீனை ஆக்சிஜனேற்றம் செய்ய, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து நாரின்மீது பச்சைப் படலமாகின்றன. பெராக்சைடு நீராக மாறிவிடுகிறது. நாரின் எதிர்மின் தொகுதிகள் சங்கிலி கிளைவிடாமல் நேராக வளரத் துணைசெய்கின்றன. பெராக்சைடு மிகுந்தால் நொதி செயலிழக்கும். ஆதலின் அதனைச் சிறிது சிறிதாகவே சேர்ப்பர்.

நச்சு வேதிப்பொருளுக்கு மாற்றாக நொதியைப் பயன்படுத்தும் சிந்தனை சென்னைக்குப் புதிதன்று. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் பயன்பட்டுவந்த நிலையில், அவற்றைக் குறைக்கும் நொதி முறைகளை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்ந்து உருவாக்கியுள்ளது.

எல்லைகளும் பொறுப்பும்

இப்பொருள் செம்புக் கம்பிக்கு ஈடாகாது. அதன் கடத்துதிறன் மிகக் குறைவு. உணரிகள், நிலைமின் தடுப்புப் பூச்சுகள், மின்னாற்றலைச் சேமிக்கும் மின்தேக்கிகள் ஆகியவற்றுக்கே இது ஏற்றது. தூய நொதியின் விலையும் மிகுதி. மேலும் அனிலீன் நச்சுத்தன்மை உடையது. நார் மண்ணில் மக்கும். அதன்மேல் படிந்த பலபடி எளிதில் மக்காது.

எனவே, செய்முறை தூய்மையானது என்பதனாலேயே ஒரு பொருளைப் பசுமையானது என்று கூறிவிட இயலாது. அதன் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, பயன் முடிந்தபின் அது எங்கே சேரும் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். சதுப்புநிலத்தின் ஓரத்தில் உயர்ந்த குப்பைமேடு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

தெரிந்து தெளிவோம்

இவ்வாய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் பெராக்சிடேஸ், குதிரைமுள்ளங்கி என்னும் செடியின் வேரிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் முருங்கையின் வேரும் அதனைப் போன்றே காரமுடையது. ஆகவே ஆங்கிலத்தில் முருங்கைக்குக் 'குதிரைமுள்ளங்கி மரம்' என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது.